மகள் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறாள், ஆனால் பொருள் பிடிபடவில்லை. என்ன செய்யலாம்?

காலிங்கராயன் கரை | ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டுப் பக்கம் இருக்கிறேன். மகள் நான்காம் வகுப்பு, தமிழ் வழி. எழுத்துக் கூட்டி வாசிக்கும் கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டாள். செய்தித்தாளைக் கையில் கொடுத்தால்கூட மளமளவென்று படிப்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவளை ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேட்பது எங்களுக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது.

போன வாரம் ஒரு பயிற்சித்தாள் கொண்டுவந்தாள். அதில் ஒரு சின்னக் கதை. முத்து என்ற பையன் விதைநெல் வாங்கக் காசில்லாமல் பக்கத்து ஊரில் இருக்கும் மாமாவிடம் கடன் கேட்டுப் போகிறான். "மாமா கையை விரித்துவிட்டார்" என்று ஒரு வரி. அடுத்த வரியில் முத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தே ஊர் திரும்புகிறான். கேள்வி: மாமா முத்துவுக்கு உதவினாரா? மகள் எழுதிய விடை: "ஆம், உதவினார்."

ஏன் கண்ணு இப்படி எழுதினே என்று கேட்டேன். "கையை மூடி வச்சிருந்தா குடுக்க மாட்டாங்க. விரிச்சா குடுக்கறாங்கன்னுதானேப்பா அர்த்தம்?" என்று தன் உள்ளங்கையை என் முன்னால் விரித்துக் காட்டினாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அதே தாளில் இன்னொரு வரி: "இரவெல்லாம் மழை பெய்தும் குளம் நிரம்பவில்லை." மழை பெய்ததா இல்லையா என்று கேட்டால், "பெய்யல. அதான் குளம் நிரம்பல" என்கிறாள். இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். ஒரு எழுத்துகூடப் பிசகாமல் வாசித்துவிட்டு அதையேதான் சொன்னாள்.

இது சொல்வளக் குறைவா, இலக்கணமா, இல்லை கவனம் இல்லாததா? டியூஷன் வைக்கலாம் என்கிறார் வீட்டில். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

அடுக்களை வெளிச்சம் | ஞாயிறு, இரவு 9.48

எங்கள் வீட்டிலும் இதே கதைதான் அண்ணா. மகன் மூன்றாவது. படிப்பான், மனப்பாடமும் செய்வான், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விழிப்பான். நான் வேலைக்குப் போய் ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறேன். அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய மாதிரி யாராவது வழி சொன்னால் எனக்கும் உதவும்.

---

வெண்கட்டி | திங்கள், காலை 6.10

வணக்கம் சார். திருவண்ணாமலை மாவட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளியில் 17 வருடமாக வேலை செய்கிறேன். பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. உங்கள் மகள் கவனக்குறைவாக எழுதவில்லை. யோசித்து எழுதியிருக்கிறாள். மூடிய கை, விரித்த கை என்று ஒப்பிட்டுக் காரணம் சொல்கிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கத்தான் வேண்டும். விடை தவறு, யோசனை தவறில்லை. அவளிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா?

நீங்கள் எழுதியதில் இரண்டு சிக்கல் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு. "கையை விரித்தார்" மரபுத்தொடர். "பெய்தும்" சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சங்கதி. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பெரும்பாலும் யாரும் கவனிக்காமல் விட்டுவிடுவது அதைத்தான்.

கரும்பலகையில் இந்த நான்கை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்.

மழை பெய்தால்
மழை பெய்ததால்
மழை பெய்தும்
மழை பெய்தாலும்

முதல் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு "த". அந்த ஒரு எழுத்தில் "ஒருவேளை பெய்யலாம்" என்பது "பெய்துவிட்டது, அதுதான் காரணம்" என்று மாறிவிடுகிறது. மூன்றாவதில், மழை பெய்தது, ஆனால் நாம் எதிர்பார்த்தது நடக்கவில்லை. நான்காவதில் பெய்தாலும் ஒன்றுதான், பெய்யாவிட்டாலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்யத் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன, குழந்தை அதை வட்டம் போட்டுக் காட்டிவிடும். தமிழில் அது சொல்லின் வாலில் இருக்கிறது. வேகமாக வாசிக்கிற குழந்தை "மழை பெய்..." வரை கண்ணில் வாங்கிக்கொண்டு மீதியை வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். அதனால்தான் நன்றாக வாசிக்கிற பிள்ளைகளிடமே இதை அதிகம் பார்க்கிறேன். திக்கித் திணறி வாசிக்கிற பிள்ளை அந்த வாலை மிதித்துத்தான் தாண்ட வேண்டியிருக்கிறது.

இன்று சாயங்காலம் இதைச் செய்து பாருங்கள். அந்த வரியை வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லச் சொல்லுங்கள். "ராத்திரி பூரா மழை பேஞ்சும் கொளம் நெறயல." சொல்லி முடித்ததும் மழை பெய்ததா என்று கேளுங்கள். "ரெண்டு தோசை தின்னும் பசிக்குது" என்று அவள் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். அந்த "உம்" அவள் வாயில் எப்போதோ வந்துவிட்டது. ஏட்டில் பார்க்கும்போது அதுதான் இது என்று அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். டியூஷன் எல்லாம் வேண்டாம் சார்.

மணி ஆகிவிட்டது. மரபுத்தொடரைப் பற்றி அப்புறம் வந்து எழுதுகிறேன்.

---

நீலப்பேனா | திங்கள், காலை 11.35

பி.எட். படிக்கிறேன். டீச்சர் சொல்வதோடு சேர்த்து ஒரு விஷயம். 1986இல் காஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம். கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று சுழியம் என்றால் மொத்தமும் சுழியம்தான்.

நம் ஊரில் முதல் பாதியைத்தான் எல்லோரும் அளக்கிறோம். வீடு வீடாகப் போய் எடுக்கிற ஏசர் ஆய்வின் வாசிப்புத் தாளைப் பயிற்சியில் எங்களுக்குக் காட்டினார்கள். எழுத்து, சொல், ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு கதை. எதுவரை குழந்தை சரளமாக வாசிக்கிறது என்று பார்ப்பார்கள். மிக முக்கியமான அளவு அது, குறை சொல்லவில்லை. ஆனால் சாரின் மகள் அதில் கடைசிப் படியைச் சுலபமாகத் தாண்டிவிடுவாள். அவளுடைய சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது.

---

பழைய திண்ணை | திங்கள், மாலை 4.05

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். இப்போதைய பிள்ளைகளுக்கு அடிப்படை இலக்கணத்தையே சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். போல, புரைய, ஒப்ப, உறழ என்று நன்னூல் சொல்லும் 12 உவம உருபையும் நாங்கள் ஐந்தாம் வகுப்பிலேயே ஒப்பித்தோம். மரபுத்தொடர் ஐம்பது, பொருளோடு மனப்பாடம். அப்படிப் படித்த பிள்ளை கையை விரித்ததை உதவி என்று எழுதாது.

அம்மையார் சொல்லும் பேச்சு வழக்கு உத்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் "பேஞ்சும்" என்று சொல்லிப் பழகினால் பிள்ளை அப்படியே எழுதத் தொடங்கிவிடும் என்ற பயமும் இருக்கிறது.

---

வெண்கட்டி | திங்கள், இரவு 8.30

ஐயா, வணக்கம். உங்கள் பயம் எனக்கும் முதலில் இருந்தது. பேச்சைப் பாலமாக வைத்துக் கடந்தபின் எழுத்துக்குத் திரும்பிவிடுகிறோம். பேச்சில் சொல்லச் சொல்வேன், எழுதும்போது ஏட்டில் இருப்பதையே எழுதச் சொல்வேன். இரண்டையும் குழப்பிக்கொண்ட பிள்ளைகள் என் வகுப்பில் குறைவு. எட்டு வயதில் அவர்களுக்கு இது பள்ளிக்கூடத் தமிழ், இது வீட்டுத் தமிழ் என்று நன்றாகவே தெரிகிறது.

மனப்பாடத்தில் எனக்குப் பகையே இல்லை. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் காதில் ஏறிய பிள்ளைகளுக்குச் சொற்கள் சீக்கிரம் வசப்படுகின்றன, இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் மரபுத்தொடரைப் பட்டியலாகப் படிக்கவைத்தால், பட்டியலில் இல்லாத ஒன்று கதையில் வரும்போது பிள்ளை மறுபடியும் அதே இடத்தில் நிற்கும். எத்தனையை மனப்பாடம் செய்ய முடியும்? கம்பி நீட்டினான், கயிறு திரித்தான், தலை முழுகினான், வயிற்றில் பால் வார்த்தான்... முடிவே இல்லை.

நான் செய்வது இதுதான். முத்து கதையையே எடுத்துக்கொள்கிறேன். "மாமா கையை விரித்தார்" என்ற வரியோடு நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்வேன். முத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து வருகிறான். மாமா காசு கொடுத்திருந்தால் இவன் ஏன் தலையைத் தொங்கப் போடுகிறான்? பஸ்ஸில் வராமல் ஏன் நடந்து வருகிறான்? இரண்டு வரியும் ஒன்றோடொன்று இடிக்கிறது இல்லையா? அப்படி இடிக்கிற இடத்தில் நின்றுவிடு, முந்தின வரிக்குத் திரும்பிப் போ, அங்கே ஏதோ ஒரு சொல் வேறு வேலை செய்கிறது. என் வகுப்பில் இதற்குப் பெயர் "இடறும் இடம்". பென்சிலால் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துக்கொள்வார்கள்.

அப்புறம் தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் சொல் காட்டுகிற படம், வலப்பக்கம் கதையில் நடந்தது. இடப்பக்கம் ஒரு மாமா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். வலப்பக்கம் வெறுங்கையோடு முத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் ஒரு பையன் கண்டுபிடித்துச் சொன்னான்: "டீச்சர், கையை விரிச்சுக் காட்டுறது உள்ள ஒண்ணும் இல்லன்னு காட்டத்தான்." அவனுக்கு நான் பொருள் சொல்லவே இல்லை. இனி அவன் அதை மறக்க மாட்டான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த மாதிரிப் பேச்சு புதிதே இல்லை. சத்துணவு வரிசையில் ஆயாம்மா "தலைக்கு ஒரு முட்டை" என்று தினம் சத்தம் போடுகிறார். யாரும் முட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றதில்லை. வரிசையில் புரிகிற அது பாடப்புத்தகத்தில் வரும்போது மட்டும் ஏன் கண்ணைக் கட்டுகிறது என்றால், புத்தகத்தில் இருப்பதெல்லாம் எழுத்துக்கு எழுத்து அப்படியே உண்மை என்று நாம்தான் பழக்கிவிட்டிருக்கிறோம்.

---

பழைய திண்ணை | திங்கள், இரவு 9.15

"தலைக்கு ஒரு முட்டை" சினையாகுபெயர், உறுப்பின் பெயர் முழு ஆளைக் குறிக்கிறது. இவ்வளவு எளிமையான எடுத்துக்காட்டு எனக்கு முப்பது வருடத்தில் தோன்றவில்லை. நன்றி அம்மா.

இடறும் இடம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இலக்கணத்தை முழுக்கத் தள்ளிவைக்க வேண்டாம், அதில் உங்களுக்கு உதவுகிற ஒன்றை நான் தருகிறேன். தொல்காப்பியர் உவமவியலின் தொடக்கத்திலேயே உவமை தோன்றும் இடம் நான்கு என்று சொல்லிவிடுகிறார். வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்ந்தான் என்றால் செயலில் போல. மழை போலக் கொடுக்கும் கை என்றால் பயனில் போல. துடி போன்ற இடை என்றால் வடிவத்தில் போல. பவளம் போன்ற வாய் என்றால் நிறத்தில் போல. உருபுப் பட்டியலை விடுங்கள். "எதில் போல?" என்று இந்த நான்கில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். சிறுபிள்ளைக்கு இது கனமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

---

வெண்கட்டி | திங்கள், இரவு 9.22

ஐயா, இது அருமையான கேள்வி. இந்த வாரமே வகுப்பில் கேட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

---

பனங்கூடல் | செவ்வாய், காலை 7.40

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுறன். மகன் தரம் 4. அடுத்த வருசம் புலமைப்பரிசில் பரீட்சை எண்டபடியால் வீட்டில் கிரகித்தல், அதாவது வாசிச்சு விளங்கிக்கொள்ளுற பயிற்சிதான் ஒரே வேலை.

சொல்வளம் பற்றி ஒண்டு சொல்ல வேணும். தமிழ்நாட்டில் அச்சிட்ட சிறுவர் புத்தகங்கள் எங்களிட்டை நிறைய இருக்கு. அதை வாசிக்கும்போது மகன் இடறுறது கடினமான சொற்களில் இல்லை, தெரிஞ்ச சொற்களில்தான். எங்களுக்குக் கதைக்கிறது எண்டால் பேசுறது. பேசுறது எண்டால் ஏசுறது. "ஆசிரியர் அவனிடம் அன்பாகப் பேசினார்" எண்ட வரியை வாசிச்சிட்டு, "அன்பா எப்பிடி அம்மா பேசுறது?" எண்டு கேட்டான். சொல் தெரியும், ஆனால் அவனுக்குத் தெரிஞ்ச பொருள் வேறை. தெரியாத சொல் எண்டால் பிள்ளை கேட்கும். தெரியும் எண்டு நினைக்கிற சொல்லைக் கேட்கவே கேட்காது.

மற்றது அகராதி. அகராதி பார்க்கப் பழக்குங்கோ எண்டு எல்லாரும் சொல்லீனம். "சென்றான்" எண்டு தேடினால் அகராதியில் இல்லை. "செல்" எண்டு தேட வேணும். "கண்டான்" எண்டால் "காண்". "நின்றாள்" எண்டால் "நில்". "கற்றாள்" எண்டால் "கல்", அங்கை போனால் பாறாங்கல்லும் சேர்ந்து வருது. பிள்ளை சோர்ந்து புத்தகத்தை மூடிப்போடுது. வேரைக் கண்டுபிடிக்கிறதைச் சொல்லிக்கொடுக்காமல் அகராதியைக் கையில் குடுத்துப் பலன் இல்லை.

நான் ஒரு சொல்லை எடுத்து அதின்ரை சொந்தக்காரரைத் தேடச் சொல்லுறனான். போன கிழமை "நீர்". கண்ணீர், இளநீர், வெந்நீர், உமிழ்நீர், நன்னீர், உவர்நீர் எண்டு தானாகவே அடுக்கினான். அப்ப தண்ணீரையும் பிரிச்சுக் காட்டினன். தண்மை எண்டால் குளிர்ச்சி, குளிர்ந்த நீர்தான் தண்ணீர். "அப்ப சுடுதண்ணி எண்டு சொல்லுறது எப்பிடி அம்மா?" எண்டு கேட்டான். அண்டு முழுக்க வீட்டில் அதுதான் பேச்சு.

---

காலிங்கராயன் கரை | செவ்வாய், இரவு 8.50

பனங்கூடல் அக்கா, "பேசுறது" விஷயம் நான் கேள்விப்படாதது. இங்கே திட்டுவதற்கு "வையறது" என்போம்.

டீச்சர் சொன்னபடி நேற்று மாலை செய்து பார்த்தேன். "மழை பேஞ்சும் கொளம் நெறயல" என்று அவளே சொன்னாள். மழை பெய்ததா என்றேன். "பேஞ்சுதுப்பா" என்று பட்டென்று பதில் வந்தது. பிறகு தாளை எடுத்து "பெய்தும்" என்ற சொல்லை விரலால் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். "இது பேஞ்சும்-தானா?" என்றாள். அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை நாளும் அது வேறு ஏதோ சொல் என்று நினைத்து வாசித்திருக்கிறாள்.

---

அடுக்களை வெளிச்சம் | செவ்வாய், இரவு 10.15

கதையில் நீங்கள் எல்லோரும் சொல்வது புரிகிறது. என் மகனுக்குச் சிக்கல் அறிவியல் பாடத்தில். கொசுவைப் பற்றி ஒரு பாடம். பாடம் எதைப் பற்றி என்று கேட்டால், "ஒரு கொசு இருந்துச்சு, அது தண்ணில முட்டை போட்டுச்சு" என்று கதை மாதிரி ஆரம்பிக்கிறான். அப்புறம் அந்தக் கொசு என்ன ஆயிற்று, யார் அடித்தார்கள் என்று தேடுகிறான். ஆதலால் தொட்டியைக் கழுவ வேண்டும் என்று கடைசியில் வருவதை அவன் பாடத்தோடு சேர்க்கவே இல்லை. அது ஏதோ அம்மா சொல்கிற அறிவுரை மாதிரித் தனியாக நிற்கிறது.

---

வெண்கட்டி | புதன், காலை 5.55

இது நிறையப் பிள்ளைகளுக்கு வருவது மா. பிறந்ததிலிருந்து கதைதான் கேட்டிருக்கிறார்கள். கதைக்கு ஒரு எலும்புக்கூடு உண்டு. ஒருவர் இருப்பார், அவருக்கு ஒரு சங்கடம் வரும், கடைசியில் தீரும். எதைக் கொடுத்தாலும் அந்த எலும்புக்கூட்டையே தேடுவார்கள். உங்கள் மகன் கொசுவைக் கதாநாயகன் ஆக்கிவிட்டான். எல்லாப் பத்தியும் கதை இல்லை என்று யாராவது அவனிடம் சொல்ல வேண்டும்.

நான் பத்தியை வரையச் சொல்வேன். பாடத்தில் உள்ள பொருளை இல்லை, பத்தியின் போக்கை. ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் நேர்கோடு. தொடங்கிய இடத்துக்கே வந்தால் வட்டம். இரண்டை ஒப்பிட்டால் இரண்டு கூடை. ஒன்றினால் ஒன்று நடந்தால் அம்பு. மூன்றாம் வகுப்புக்கு இந்த நான்கு போதும், அதற்கு மேல் பெயரெல்லாம் வேண்டாம்.

கொசுப் பாடத்தை இப்படிப் பாருங்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு, மறுபடி முட்டை. இது வட்டம். தரையில் வெண்கட்டியால் பெரிய வட்டம் போட்டு அவனையே சுற்றி நடக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பெயர். இந்த வட்டம் முடிய ஏறக்குறைய 8 முதல் 10 நாள் ஆகும் என்று சொல்லுங்கள். இப்போது கடைசி வரிக்கு வாருங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏன் வாரம் ஒருமுறை? மாதம் ஒருமுறை கழுவினால் என்ன? அவன் வட்டத்தைப் பார்த்துக்கொண்டே யோசிக்கட்டும். ஏழாவது நாள் கழுவினால் வட்டம் முடிவதற்குள் அறுந்துவிடுகிறது. அந்த இடத்தில் அவனே ஒரு அம்பு போடுவான். "ஆதலால்" என்ற சொல்லுக்கு அன்றுதான் உயிர் வரும்.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். பத்து நிமிட வேலைதான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பத்தி. இரண்டாவது பத்திக்குப் போகவே வேண்டாம்.

இன்னொரு சின்னச் சங்கதி. நம் வாக்கியம் கடைசிச் சொல்லில்தான் கையெழுத்துப் போடும். "கந்தன் குளித்து, சட்டை போட்டு, பையை எடுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை வந்தும் பள்ளிக்குப் போகவில்லை." பாதியில் நிறுத்துகிற பிள்ளை கந்தன் பள்ளிக்குப் போய்விட்டான் என்றே முடிவு கட்டிவிடும். நீளமான வாக்கியம் வந்தால் கடைசிச் சொல்லை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் முதலிலிருந்து வரச் சொல்லுங்கள். என் வகுப்பில் நன்றாகவே வேலை செய்கிறது.

---

நீலப்பேனா | புதன், பிற்பகல் 2.20

ஒரு ஆய்வு ஞாபகம் வருகிறது. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள், ஆட்டம் தெரியாத கெட்டிக்கார வாசகர்களைவிட நன்றாக நினைவுபடுத்திச் சொன்னார்கள். அதனால் அடுக்களை அக்கா, பாடத்தை வாசிப்பதற்கு முன் மொட்டை மாடித் தொட்டியில் நெளிகிற புழுவை மகனுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

---

அடுக்களை வெளிச்சம் | வியாழன், இரவு 9.05

காட்டினேன். பக்கத்துக் காலி மனையில் கிடந்த தேங்காய்த் தொட்டியிலேயே நெளிந்துகொண்டிருந்தது. தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, "வட்டம் அறுந்துடுச்சும்மா" என்றான். டீச்சர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

---

வெண்கட்டி | சனி, காலை 10.40

கேட்டதும் மனது நிறைந்துவிட்டது மா.

திண்ணை ஐயாவுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். "எதில் போல?" என்ற கேள்வியை மூன்று நாளும் கேட்டேன். வகுப்பில் 22 பேர். எங்கள் பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து உட்காரவைப்போம். இந்தக் கேள்விக்கு மட்டும் எல்லோரையும் கலந்து உட்காரவைத்தேன். வாசிப்பு இயக்கத்துக்காக வந்த சின்னப் புத்தகங்கள் இருக்கின்றன, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாக. அதிலிருந்து உவமை வருகிற வரிகளை அவர்களே தேடி எடுத்தார்கள்.

முதல் நாள் சுலபம். "அம்பு போல ஓடினான்." செயல் என்று ஒரே குரலில் சொன்னார்கள். "நிலா போன்ற தோசை." வடிவம், சிலர் நிறம். இரண்டாம் நாள் நான் பலகையில் எழுதியது "தாத்தாவின் தாடி பஞ்சு போல இருந்தது." நிறம் என்று ஒரு பெண் சொன்னாள். இன்னும் அரும்பு நிலையில் இருக்கிற, வாசிக்கத் தடுமாறுகிற ஒரு பையன் எழுந்து, "இல்ல டீச்சர், தொட்டா மெத்துனு இருக்கும், அதுல போல" என்றான். அவனுடைய தாத்தாவுக்குத் தாடி உண்டு. மற்றவர்கள் அவன் சொன்னதுதான் சரி என்று அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நான்கில் அடங்கவில்லை என்று பலகையில் ஐந்தாவதாகத் "தொட்டால்" என்று அவர்களே எழுதிவிட்டார்கள். ஐயா கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி நானும் அழிக்கவில்லை.

எழுத்துக் கூட்டத் திணறுகிறவன் புரிந்துகொள்வதில் பின்தங்கியவன் இல்லை என்று நான் எத்தனையோ கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண் முன்னால் பார்த்தேன். அவனுக்கு இனிமேல் தினமும் நானே ஒரு கதையை வாசித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்கப்போகிறேன். எழுத்து வரும்வரை அவன் புரிதல் காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

---

பழைய திண்ணை | சனி, பகல் 12.10

எதற்கு அம்மா கோபம்? ஐந்தாவதையும் சேர்த்துக்கொள்ளட்டும். அந்தப் பையனுக்கு என் ஆசிகள். மலர்முகம் உவமை, முகமலர் உருவகம் என்று திருப்பிப் போடுவதை மட்டும் இப்போது தொட வேண்டாம். அது நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

---

காலிங்கராயன் கரை | ஞாயிறு, இரவு 8.35

ஒரு வாரம் ஆகிவிட்டது, என் பங்குக்கும் சொல்லிவிடுகிறேன்.

இடறும் இடத்தில் புள்ளி வைப்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. புத்தகத்தோடு நிற்கவில்லை, வீட்டிலும் பேச்சில் புள்ளி வைக்கிறாள். மதியம் அம்மிச்சி வாசலில் வந்து உட்கார்ந்து "வெயில் மண்டையைப் பொளக்குது" என்றார். இவள் உடனே, "அம்மிச்சி, கோடாலி மாதிரி. செயல்ல போல" என்றாள். அம்மிச்சிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அடுத்தடுத்து ஒவ்வொன்றாக எடுத்துவிட ஆரம்பித்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, எடுத்தேன் கவிழ்த்தேன், காதும் காதும் வச்ச மாதிரி. அரை மணி நேரத்தில் மகள் ஒரு நோட்டில் 14 எழுதிவிட்டாள். டியூஷன் வைப்பதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருந்தேனே என்று இருந்தது.

இப்போது எனக்கு ஒரு கேள்வி. சாயங்காலம் கடைக்குப் போகிற வழியில் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. எதிர்வீட்டுப் பெரியவர் படம். அவளுக்கு நன்றாகத் தெரிந்தவர், மிட்டாய் வாங்கிக் கொடுப்பார். "இயற்கை எய்தினார்" என்று நிறுத்தி வாசித்தாள். நின்றுவிட்டாள். "அப்பா, இது இடறும் இடம்" என்றாள். "எய்தினார்னா போய்ச் சேர்ந்தார்னு அர்த்தம். இயற்கைக்குப் போய்ச் சேர்ந்தாரா? மரத்துக்கா?" என்று கேட்டாள். இறந்துவிட்டார் என்று சொன்னேன். "அப்ப ஏன் அப்படி எழுதல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

---

பழைய திண்ணை | ஞாயிறு, இரவு 9.10

இதற்கு இலக்கணத்தில் மங்கலம் என்று பெயர். நேராகச் சொன்னால் மனது நோகும் இடத்தில் வேறு சொல்லால் சொல்வது. விளக்கை அணை என்று சொல்லாமல் அமர்த்து என்கிறோம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லாமல் போய் வருகிறேன் என்கிறோம். காலமானார், கண்ணை மூடினார், இயற்கை எய்தினார் எல்லாம் அந்த வழிதான்.

ஆனால் இந்தப் பெயரை அவளிடம் சொல்ல வேண்டாம். அந்தப் பெரியவர் வீட்டு அம்மாளும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் போவார், அவர் கண்ணில் எந்தச் சொல் பட்டால் கொஞ்சம் தாங்கும் என்று மட்டும் கேளுங்கள். மரத்துக்கா என்று கேட்டதற்கு ஆமாம் என்றே சொல்லலாம், அதில் தவறு ஒன்றும் இல்லை.

---

காலிங்கராயன் கரை | ஞாயிறு, இரவு 9.52

கேட்டேன் ஐயா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அந்த நோட்டை எடுத்து, 14க்குக் கீழே 15 என்று போட்டு "இயற்கை எய்தினார்" என்று எழுதினாள். மற்றவற்றுக்கெல்லாம் எதிரே பொருள் எழுதியிருக்கிறாள். இதற்கு மட்டும் எழுதவில்லை. எதிரே ஒரு மரம் வரைந்திருக்கிறாள்.